சீட்டை தூக்கினா கம்மல்... பம்பரை கழட்டினா கஞ்சா! பழைய கார் வாங்குறவங்க உஷார்

சென்னை எழும்பூரை ஒட்டி, கூவம் கரையோரம் இருக்கிறது புதுப்பேட்டை. ஓடி ஓய்ந்த கார்கள் கடைசியாக வந்து சேரும் இடம் இது. எஞ்சின் தனி, கதவு தனி, சீட் தனி என்று பிரித்துப் போட்டு விடுவார்கள். அப்படி பிரிக்கும்போது காருக்கு சம்பந்தமே இல்லாத சாமான்களும் கீழே கொட்டும்.

ஒற்றைக் கம்மல், குழந்தையின் கொலுசு, 25 பைசா காசு, காய்ந்து சுருங்கின எலுமிச்சம்பழம், பால் பாட்டில் ரப்பர், பேனா மூடி... இதெல்லாம் சர்வ சாதாரணம்.

இந்த சாமான்கள் கார் செகண்ட் ஹேண்டில் கை மாறும்போதே கூட வருகின்றன. விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சிலருக்கு அது அதிர்ஷ்டம். சிலருக்கு கோர்ட்டு, கேஸ், ஜெயில்!

ஒளிஞ்சுக்கிற இடம்

கார் என்பது சந்து பொந்துகள் நிறைந்த வண்டி. டிரைவர் சீட்டுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவில் கை நுழையாத இடைவெளி இருக்கும். அதில் விழுந்தது சீட் நகரும் தண்டவாளத்தைத் தாண்டி கார்ப்பெட்டுக்கு அடியில் போய்விடும்.

பின் சீட்டு விஷயமே வேறு. பல கார்களில் உட்காரும் மெத்தை வெறும் கிளிப்பில்தான் மாட்டியிருக்கும். முன் விளிம்பை பிடித்து வெடுக்கென்று தூக்கினால் வந்துவிடும். நிஜமான புதையல் அதற்கு அடியில்தான். ராத்திரி ஊருக்குப் போகும்போது பெண்கள் பின் சீட்டில் சாய்ந்து தூங்குவார்கள். திருகாணி லூசாகி கம்மல் நழுவும். வீட்டுக்கு வந்து கல்யாண மண்டபத்தில்தான் தொலைந்தது என்று நினைத்துக் கொள்வார்கள். கம்மல் என்னமோ கார் சீட்டுக்கு அடியில் பத்திரமாக தூங்கிக்கொண்டிருக்கும்.

டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னாலும் நிறைய பேப்பர் விழுந்து கிடக்கும். ஏ.சி. பில்டர் மாற்ற டப்பாவை கழட்டினால்தான் வெளியே வரும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக பார்க்கிங் ரசீது, விசிட்டிங் கார்டு எல்லாம் கதவுக்குள் போய்விடும். அது மழைத் தண்ணி வடியும் ஓட்டையை அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

கிடைச்ச காசு செல்லுமா?

சில்லரை கிடைத்தால் 50 பைசாவை எடுத்து வைக்கலாம். யார் வாங்குகிறார்களோ இல்லையோ, சட்டப்படி அது செல்லும் காசுதான். 25 பைசாவும் அதற்கு கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போய்விட்டது.

பழைய 500, 1000 ரூபாய் கட்டு கிடைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். 2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி அறிவித்ததோடு அந்த கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை அதிகமாக வைத்திருப்பதே குற்றம். 2017-ல் வந்த சட்டப்படி 10 நோட்டுக்கு மேல் கையில் இருந்தால் அபராதம். 10 ஆயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பில் 5 மடங்கு, இதில் எது அதிகமோ அது வரைக்கும் போடலாம்.

2000 ரூபாய் நோட்டு அப்படி இல்லை. 2023 மே 19-ந் தேதி வாபஸ் அறிவித்தாலும் அதை செல்லாது என்று சொல்லவில்லை. பேங்க்கில்தான் வாங்க மாட்டார்கள். சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகலாம்.

கார் என்னுது... கம்மல் யாருது?

'காரை காசு கொடுத்து வாங்கிட்டேன். உள்ளே இருக்கிறதும் என்னுதுதானே?' இப்படித்தான் நிறைய பேர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி சொல்லவில்லை.

விலை பேசியது காருக்கு. சீட்டுக்கு அடியில் இருந்த நகைக்கு யாரும் விலை பேசவில்லை. அது தவறவிட்டவருக்கே சொந்தம். கண்டெடுத்தவர் அதை தன் பொருள் மாதிரி பத்திரமாக பாதுகாக்க வேண்டும் என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்த சட்டம். உரியவரைத் தேடி அலைந்த செலவைக் கொடுக்கும் வரை பொருளை கையில் வைத்துக்கொள்ளலாம்.

யார் பொருள் என்று தேடாமலே விற்று காசு பார்த்தால் அது கிரிமினல் கேஸ். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம் ஜெயில், கூடவே அபராதம். ரோட்டில் கிடந்தது என்றால் 'யாருதுன்னு தெரியலை சார்' என்று சொல்லலாம். காரில் கிடந்தால் அது எடுபடாது. ஆர்.சி. புத்தகத்தில்தான் பேர், அட்ரஸ் எல்லாம் இருக்கிறதே! நான்கு கை மாறின வண்டியாக இருந்தால் பொருளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

பொட்டலம் கிடைச்சா தொடாதீங்க

இதுதான் ரொம்ப மோசமான இடம். கஞ்சா கடத்துகிறவர்கள் பம்பருக்குப் பின்னாடி, கதவுக்குள்ளே, ஸ்டெப்னி குழியில், டிக்கியின் தரைக்கு அடியில் ரகசிய அறை வெல்டிங் செய்து வைப்பார்கள். அப்படி ஓடின வண்டி பிடிபட்டு ஏலத்துக்கு வரலாம். பிடிபடாமல் மார்க்கெட்டுக்கும் வரலாம்.

அமெரிக்காவில் நடந்ததை கேட்டால் நம்ப மாட்டீர்கள். சுங்கத்துறை பறிமுதல் செய்து ஏலம் விட்ட காரை ஒருவர் வாங்கினார். அரசாங்கமே விற்ற வண்டி, யாருக்கு சந்தேகம் வரும்? அந்த காரில் மெக்சிகோ பக்கம் போனபோது சோதனையில் உள்ளே மறைத்திருந்த கஞ்சா சிக்கியது. அவரும் கூடப் போனவரும் ஏறக்குறைய ஒரு வருடம் மெக்சிகோ ஜெயிலில் கிடந்தார்கள். சரியாக சோதிக்காமல் விற்றது அதிகாரிகளின் தப்பு என்று அமெரிக்க கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் நடந்தது. போன வருடம் போனதுதான்.

நம்ம ஊர் சட்டம் இன்னும் கறார். போதைப்பொருள் தடுப்பு சட்டம் 35-வது பிரிவுப்படி, தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை மாட்டிக்கொண்டவர்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

அதனால் இப்படி எதையாவது கண்டால் தொடாமல், வண்டியை நகர்த்தாமல் 100-க்கோ 112-க்கோ போன் அடிப்பதுதான் வழி. காரை எந்த தேதியில், எத்தனை மணிக்கு, யாரிடம் இருந்து எடுத்தோம் என்ற டெலிவரி நோட்டு அப்போது உயிர் காக்கும். அதை தூக்கிப் போட்டவர்கள்தான் முழி பிதுங்குவார்கள்.

எலி, பாம்பு, சேறு

நாள்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் எலி குடித்தனம் நடத்தும். ஏ.சி. காற்று வரும் பெட்டிக்குள் பஞ்சும் பேப்பரும் சேர்த்து கூடு கட்டும். ஏ.சி. போட்டதும் நாற்றம் அடித்தால் சென்ட் பாட்டிலில் தீராது, வயரையும் கடித்திருக்கும். எலியைத் தேடி பாம்பும் வரும். பாம்பை அடிக்கக் கூடாது, வன உயிரின சட்டப்படி அது கேஸ். 101-ல் தீயணைப்பு வீரர்களைக் கூப்பிடலாம்.

சேறு கிடைத்தால் வண்டியே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்த வண்டியை கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பார்த்தால் போதும். அடியில் செம்மண் கறை தெரியும். ஸ்டெப்னியை தூக்கினால் மூலையில் வண்டல் படிந்திருக்கும்.

விற்கிறவங்களுக்கும்தான்

காரோடு போவது நகை மட்டும் இல்லை. கையெழுத்து போட்ட செக், அடகு சீட்டு, ஆதார் ஜெராக்ஸ், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் டேஷ்போர்டில் விட்டுவிட்டு போகிறவர்கள் உண்டு. ப்ளூடூத்தில் செல்போனை இணைத்திருந்தால் போன் நம்பர்களும், யாரிடம் பேசினோம் என்பதும் கார் டிவிக்குள் பதிந்திருக்கும். செட்டிங்கில் போய் மொத்தத்தையும் அழித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டின பாஸ்டேக்கை நிறைய பேர் மறந்து விடுகிறார்கள். வாங்கியவர் மதுரைக்குப் போவார், விற்றவர் கணக்கில் டோல் காசு போகும்! பேங்க்கில் சொல்லி அதை மூட வேண்டும்.

ஆர்.சி. பேரை மாற்றாமல் விடுவது அதைவிட ஆபத்து. உள்ளூரிலேயே விற்றாலும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும், அதற்கு 29-ம் நம்பர் படிவம். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த வழக்கிலும் கார் பல கை மாறியிருந்தது.

வாங்கப் போகிறவர்கள் பகல் வெளிச்சத்தில், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி, ஒரு மெக்கானிக்கை கூட வைத்துக்கொண்டு பின் சீட்டு, கார்ப்பெட், ஸ்டெப்னி மூன்றையும் தூக்கிப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. தூக்க விடமாட்டேன் என்று விற்கிறவர் அடம் பிடித்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.