கேபிள் சந்தாவும் குடும்பக் கணக்கும்

வருவாய் குறைந்த மாதத்தில் குடும்பச் செலவில் முதலில் எதைக் குறைப்பது? அரிசியில் கை வைக்க முடியாது. வாடகையைத் தள்ளிப் போட்டால் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தொட மனம் வருவதில்லை. பாலில் அரை லிட்டர் குறைகிறது. அதற்கு அடுத்தபடியாகக் கேபிள் தொலைக்காட்சிச் சந்தா நிற்கிறது. "பெட்டி பேசாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுக்கொண்டே அதை நிறுத்திவிடுகிறோம். இந்த வினா விடை வேண்டாத வினாவாகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஆயினும் இதற்கு விடை உண்டு. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அவ்விடையைச் சற்றுப் பொறுமையாக ஆராய்ந்து பார்ப்பது நன்று.

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். 1555-ஆம் ஆண்டில் எழுந்த அரண்மனையும், 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர் தொழுகைக் கூடமும் அருகருகே நிற்கும் ஊர் இது. ஒரு நாழிகை நடந்தால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் ஆகிய மொழிகள் காதில் விழும். பக்கத்தில் போர்ட்டுக் கொச்சியிலுள்ள சலவைத் துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றன. காயலுக்கு அப்பால் வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு உள்ளது. இப்பகுதியில் நாட்கூலியையும் சிறு வாணிகத்தையும் சுற்றுலாப் பயணிகளின் வருகையையும் நம்பி வாழ்வோர் பலர்.

இத்தகையோரின் வருவாயைக் கடந்த ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பல அடிகள் தாக்கின. 2016 நவம்பர் 8 அன்று உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது சில்லறை வாணிகம் தடுமாறியது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து கொச்சி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டபோது சுற்றுலா நின்றது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது நாட்கூலியே நின்றது. வேலை திரும்பிய பின்னரும், நின்றுபோன நாட்களில் வாங்கிய கடன் வீட்டுக் கணக்கில் நீடித்தது. இத்தகைய காலங்களிலேதான் கேபிள் சந்தா செலவா, தேவையா என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. 1980-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்போரும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்தனர் என்பது முதியோர் பலருக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் சோதனை முறையில் தொடங்கி, 1975-இல் சென்னைக்கு வந்தது. 1993-இல் தமிழில் சன் தொலைக்காட்சியும் மலையாளத்தில் ஏசியாநெட்டும் ஒளிபரப்பைத் தொடங்கின. அதன்பின் தெருவுக்குத் தெரு கேபிள்காரர் தோன்றினார். தம் மாடியில் பெரிய கிண்ணம் போன்ற ஏற்பியை நிறுத்திக் கம்பி வழியாக வீடுகளுக்கு ஒளிபரப்பை வழங்கினார். இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது.

அந்நாட்களில் கம்பி ஒன்று, கட்டணம் ஒன்று. எந்த மொழியில் எத்தனை அலைவரிசைகள் வந்தாலும் மாதத் தொகை மாறுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இச்சேவையை வழங்கத் தொடங்கியது. கொச்சியில் வாழ்ந்த தமிழருக்கும் தமிழ் அலைவரிசைகளுக்கெனத் தனிக் கட்டணம் இருந்ததில்லை. மலையாளமும் தமிழும் ஒரே கம்பியில் வந்தன.

இந்நிலையை இரண்டு மாற்றங்கள் புரட்டிப்போட்டன. முதலாவது, 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் வந்த எண்முறை ஒளிபரப்பு. இதன்படி வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வைக்க வேண்டியதாயிற்று. எந்த வீட்டுக்கு எந்த அலைவரிசை செல்கிறது என்பதைக் கணக்கிட இப்பெட்டி வழி செய்தது. இரண்டாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வெளியிட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண ஆணை. பார்ப்பவர் தாம் விரும்பும் அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுக்கலாம் என்பதே அதன் கொள்கை. கொள்கை நல்லதே. ஆனால் கணக்கு எவ்வாறு அமைந்தது என்று பார்ப்போம்.

அன்றைய விதிப்படி, 100 அலைவரிசைகள் வரை கொண்டுவந்து தரும் கம்பிக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மிகக்கூடாது. 18 விழுக்காடு வரியோடு அது 153 ரூபாய் 40 காசு. இத்தொகைக்குக் கட்டணமில்லா அலைவரிசைகள் மட்டுமே வரும். கட்டண அலைவரிசைகளுக்குத் தனி விலை உண்டு. விலை 19 ரூபாய்க்கு மேற்பட்ட அலைவரிசையைத் தொகுப்பில் சேர்த்தல் கூடாது என்று ஆணை கூறிற்று. ஆகவே மக்கள் பெரிதும் விரும்பிய அலைவரிசைகள் பலவற்றுக்கு 19 ரூபாயே விலையாயிற்று. சன் தொலைக்காட்சி 19 ரூபாய். ஏசியாநெட்டும் 19 ரூபாய். இவ்விரண்டை மட்டும் தனித்தனியே சேர்த்துக்கொண்டால் வரியோடு 44 ரூபாய் 84 காசு. மொத்தம் 198 ரூபாய் 24 காசு.

இங்கேதான் பிற மாநிலத் தமிழரின் தனி நிலைமை வெளிப்படுகிறது. கேரளத்தில் விற்கப்படும் தொகுப்புகள் மலையாளத்தை மையமாகக் கொண்டவை. தமிழ் அலைவரிசைகளுக்கு வேறு தொகுப்பு வேண்டும். உள்ளூர்ச் செய்தியும், மழை அறிவிப்பும், பிள்ளைகளின் பள்ளி மொழியும் மலையாளம். வீட்டு மொழியோ தமிழ். ஒரு மொழி போதும் என்றிருக்கும் அண்டை வீட்டாரைவிட இருமொழி இல்லம் அதிகம் செலவிடுகிறது. செலவைக் குறைக்கும் நாள் வரும்போது, ஊருக்கு வேண்டிய மொழியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வேண்டிய மொழியையே முதலில் நீக்குகிறோம். சந்தா முழுவதும் நிற்பதற்கு முன்பே தமிழ் நின்றுவிடுகிறது.

சந்தாவைக் கைவிடும் போக்கு கொச்சிக்கு மட்டும் உரியதன்று. கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கட்டணத் தொலைக்காட்சி பெறும் இந்திய இல்லங்கள் 2018-இல் 15 கோடியே 10 லட்சமாக இருந்து, 2024-இல் 11 கோடியே 10 லட்சமாகக் குறைந்தன. அமெரிக்காவிலும் இப்போக்குப் பல ஆண்டுகளாக நிலவுகிறது. பணமுடை இதற்கு ஒரு காரணம். கைப்பேசியில் இணையம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது மற்றொரு காரணம். "எல்லாம் கைப்பேசியில் வருகிறதே, கேபிள் எதற்கு?" என்பது இன்று எங்கும் கேட்கும் பேச்சு.

இப்பேச்சில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. கைப்பேசி ரீசார்ஜ் பலவற்றில் மாதம் என்பது 28 நாட்களே. ஆகவே ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். வீட்டில் மூன்று கைப்பேசிகள் இருந்தால் ஆண்டுக்கு 39 முறை. கேபிள் சந்தா வீட்டுக்கு ஒன்று. கைப்பேசிச் செலவோ ஆளுக்கு ஒன்று. தொழிலுக்காகக் கைப்பேசி எப்படியும் வேண்டியிருப்பதால் அச்செலவை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. கேபிள்காரர் வாசலில் வந்து கேட்பதால் அவர் கேட்கும் தொகை மட்டும் கண்ணில் படுகிறது.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. கைப்பேசி அதை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. காலையில் அவர் வேலைக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்கிறது. வீட்டில் எஞ்சியிருப்பவர் யார்? ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் பாட்டி. பள்ளி விட்டு வரும் சிறுமி. பாட்டிக்கு மலையாள எழுத்துத் தெரியாது. கைப்பேசித் திரையில் தேடி எடுக்கவும் தெரியாது. அவருக்குத் தமிழ்ச் செய்தியும் பழைய பாட்டும் கிடைக்கும் வழி தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. சந்தாவை நிறுத்தும் முடிவைச் செய்பவர் பொருள் ஈட்டுபவர். அம்முடிவின் இழப்பைத் தாங்குபவரோ பொருள் ஈட்டாதவர். யாருக்கு என்ன நட்டம் என்ற வினாவுக்கு விடை இதுவே.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜூன் 1 அன்று கேரள அரசு, பூட்டிய பள்ளிகளுக்கு மாற்றாக 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையில் பாடங்களைத் தொடங்கிற்று. 2005-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த அலைவரிசை அது. தமிழ்வழிப் பயிலும் மாணவருக்கும் பாடங்கள் ஆயத்தம் செய்யப்பட்டன. ஆனால் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எனத் தெரியவந்தது. நூலகங்களிலும் பொதுக் கூடங்களிலும் பெட்டிகள் வைத்து அக்குறை ஈடு செய்யப்பட்டது. வேண்டாத செலவு என்று முந்திய மாதம் எண்ணப்பட்டது, அடுத்த மாதம் வகுப்பறையாகிவிட்டது.

அவ்வாறாயின் கடன் பட்டேனும் சந்தாவைக் கட்ட வேண்டுமா? நாம் அவ்வாறு கூறவில்லை. கடனைவிட ஒளியற்ற பெட்டி மேலானது. ஆனால் முழுவதும் வெட்டுவதற்கும் முழுவதும் கட்டுவதற்கும் இடையே சில வழிகள் உள்ளன. அவற்றை அறிந்துகொள்வது நலம்.

முதல் வழி, தொகுப்பைக் குறைத்தல். கேபிள்காரர் தரும் ஆயத்தத் தொகுப்பை ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. வீட்டார் உண்மையில் பார்க்கும் நான்கைந்து அலைவரிசைகளை எழுதிக் கொடுத்துத் தனித்தனியே கேட்கலாம். உயர் துல்லிய அலைவரிசைகள் விலை மிகுந்தவை. சிறிய பெட்டியில் அவற்றால் பெரும் பயன் இல்லை. அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலின் உங்கள் பகுதியில் எவ்வளவு என்பதைக் கேட்டறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி, தற்காலிக நிறுத்தம். ஊருக்குச் செல்லும்போதும், வேலையற்ற மாதங்களிலும், இணைப்பை அறவே துண்டிக்காமல் ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்தி வைக்குமாறு முன்கூட்டியே கேட்க விதியில் இடமுண்டு. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது.

மூன்றாம் வழி, தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்'. 2004 டிசம்பரில் வேறொரு பெயரில் தொடங்கிய இச்சேவைக்கு மாதச் சந்தா இல்லை. கிண்ண ஏற்பியும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். முன்னர்ப் பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் இதில் உண்டு. வானொலிச் சேவைகளும் உண்டு. குறைகளையும் சொல்ல வேண்டும். இதிலுள்ள தனியார் அலைவரிசைகளில் பெரும்பாலானவை இந்தி மொழியினவை. கொச்சியிலிருந்து ஏற்பி தென்கிழக்கு வானை நோக்க வேண்டும். நெருங்கிய சந்துகளில் மாடி கிடைக்காத வாடகைக்காரருக்கு வீட்டுக்காரரின் இசைவு தேவைப்படும். இடவப்பாதி பெருமழையில் படம் சிறிது நேரம் மறைவதும் உண்டு.

நான்காம் வழி, வானொலி. தமிழ்நாட்டு நிலையங்களின் ஒலிபரப்பை அகில இந்திய வானொலியின் கைப்பேசிச் செயலியில் எங்கிருந்தும் கேட்கலாம். ஒலிக்கு மிகக் குறைந்த இணைய அளவே செலவாகிறது. வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று இருந்தால், அதைப் பாட்டிக்கென ஒதுக்கி, வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, அவர் விரும்பும் நிலையத்தை ஒருமுறை பொருத்தி வைத்தால் போதும்.

சந்தாவை நிறுத்துவதானால் கேபிள்காரரிடம் முகம் கொடுத்துச் சொல்லி நிறுத்துவோம். ஒளியாமல் சொன்னால் பாக்கி ஏறாது. செட்டாப் பெட்டிக்குக் கட்டிய முன்பணம் பற்றிய வழக்கும் எழாது. அவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற சிறு வருவாயினரே. வீடுகள் குறையக் குறைய அவர் பிழைப்பும் குறைகிறது. பலர் அதே கம்பித் தடத்தில் இணைய இணைப்பும் வழங்கித் தொழிலைக் காத்து வருகின்றனர்.

சந்தாவை நிறுத்துவதா வேண்டாவா என்பது அவரவர் குடும்பத்தின் உரிமை. அதில் பிறர் தலையிடுவதற்கில்லை. நாம் வேண்டுவது ஒன்றே. அந்த முடிவைச் செய்யும் மாலையில் வீட்டுப் பாட்டியையும் பள்ளிச் சிறுமியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, அவர்கள் நாள்தோறும் பார்ப்பது எது, அது நின்றால் அதற்கு ஈடாக எதைத் தருவது என்று கேட்டுவிட்டுச் செய்வோம். அயல் மாநிலத்தில் நம் பிள்ளைகள் தெருவில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் கேட்டு வளர்கின்றனர். வீட்டுக்குள்ளேனும் நாள்தோறும் ஒரு நாழிகை தமிழ் ஒலிக்க வேண்டும். அதற்குப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை; முன்யோசனையே வேண்டும்.