சாவி யார் கையில்?

வாடகை வீடு தேடிப் போகும்போது நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘சொந்த ஊர் எது?’, ‘அங்க எந்தத் தெரு?’ என்று சுற்றி வளைத்துச் சாதியில் வந்து நிற்கும். பதில் சொன்னதும், ‘வீட்டை மகனுக்குன்னு வச்சிருக்கோம்’ என்பார்கள். வெளிநாட்டில் உயர்படிப்புப் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. கதவு சாத்தப்படுவதன் வலி நமக்குத் தெரியும்.

அந்த வலி தெரிந்த நாம் பேச வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோயால் பாதிக்கப்பட்டவர்கள். அதிலும் ஏழையாக, தலித்தாக, பெண்ணாக இருந்துவிட்டால் ஒரே கதவில் மூன்று பூட்டு.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை நாம் மறக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் சங்கிலி பற்றி நாடே பேசியது. சங்கிலியைக் கழற்றியபின் அந்த மனிதர் எங்கே போய் வாழ்வார் என்பதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

குணமான பிறகும் காத்திருப்பு

மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் மாத்திரை வீடு தராது. மருத்துவமனையில் தேறிய பிறகும் அழைத்துப்போக ஆள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடப்பவர்கள் உண்டு. குளிக்க ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, தூங்க ஒரு மணி என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்தால், நன்றாக இருப்பவருக்கும் தானாக முடிவெடுக்கும் பழக்கம் போய்விடும்.

இதற்கு ஒரு மாற்று வழி தமிழ்நாட்டிலேயே உருவானது. தெருவில் கைவிடப்பட்ட, மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக இருபதுகளில் இருந்த வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மீட்டு, சிகிச்சை தந்து, குடும்பத்தோடு சேர்த்து வைத்தார்கள். ஆனாலும் போக இடமில்லாதவர்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் வந்தது.

முறை எளிமையானது. சாதாரணத் தெருவில், சாதாரண ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போலச் சேர்ந்து வாழ்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, காவலாளி கிடையாது. துணைக்கு ஓர் உதவியாளர் இருப்பார். பெரிய பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது, கடைக்குக் கூடப் போவது, வங்கிக் கணக்கு தொடங்க உதவுவது அவர் வேலை. செவிலியரும் மனநலப் பணியாளரும் வந்து பார்த்துப் போவார்கள். ஒருவர் தேறத் தேற உதவியும் குறையும்.

இன்றைக்குப் புளிக்குழம்பா, கருவாடா என்று முடிவு செய்வது நமக்குச் சின்ன விஷயம். பத்தாண்டு தட்டேந்தி வரிசையில் நின்றவருக்கு அது தன் வாழ்வு திரும்பக் கைக்கு வந்ததன் அடையாளம். அங்கிருந்துதான் வேலைக்குப் போவதும், பக்கத்து வீட்டாரோடு பழகுவதும், தன் பணத்தில் ஒரு சேலை எடுப்பதும் தொடங்குகின்றன.

நமக்கு இன்னொன்றும் முக்கியம். அந்த வீட்டில் அடுப்பு ஒன்று, பானை ஒன்று. யாரோடு யாருக்கு ஒத்துப்போகிறது என்பதுதான் சேர்ந்து வாழ்வதற்கான கணக்கு. சாதி அதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 19. இவர்களுக்காகக் கூட்டு இல்லங்களை ஏற்படுத்துவதும் ஆதரிப்பதும் அரசின் கடமை. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பிரிவு 18 சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மனநோயையும் இயலாமைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆகவே இது தருமம் கேட்பதல்ல, உரிமை கேட்பது. மாவட்டந்தோறும் அரசே இப்படி வீடுகளை எடுத்து நடத்த வேண்டும். கிராமசபையில் தீர்மானமாக வைக்கலாம், மனுநீதி நாளில் மனுவாகக் கொடுக்கலாம். மாணவர்கள் இதை எழுதித் தர முன்வர வேண்டும். ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

கடைசியாக நமக்குள் ஒரு பேச்சு. நம் காலனியிலும் ‘பைத்தியம்’ என்று கல்லெறியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நாளை நம் தெருவில் இப்படி நாலு பேர் குடிவர வீடு கேட்டால், ‘மகனுக்கு வச்சிருக்கோம்’ என்று நாமும் சொல்லிவிடக் கூடாது. சாவியை அவர்கள் கையில் கொடுப்போம்.