பத்து முறை வந்தால் சொந்தக்காரர்!

ஜப்பான் கிராமத்து வீட்டில் சனி, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். ஆண்டாள் கோவில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். 11 நிலை, 192 அடி உயரம்! பிறகு கடைத்தெருவில் பால்கோவா வாங்கித் தின்கிறார்கள். மாலையில் மதுரைக்கோ, குற்றாலத்துக்கோ காரில் ஏறிவிடுகிறார்கள்.

ஊருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, வயல், மாட்டுத் தொழுவம் எல்லாம் உண்டு. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்தது உண்டா? ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்தது உண்டா? பெரும்பாலும் இல்லை.

கிராமத்து வீட்டையே விருந்தாளிக்குத் திறந்து விட்டால் என்ன? ஜப்பானில் ஒரு சிறிய ஊர் அப்படித்தான் செய்தது. அந்த ஊரின் பெயர் அஜிமு.

ஊர் காலியானது

ஜப்பானின் தெற்கே கியூஷு என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதில் ஓய்தா மாகாணத்தில் உள்ளது அஜிமு. 2005-ம் ஆண்டு பக்கத்தில் உள்ள உசா நகரத்தோடு இது சேர்க்கப்பட்டது. ஜப்பானியர் இந்த ஊரின் பெயரை 3 எழுத்தில் எழுதுவார்கள். முதல் 2 எழுத்துக்கும் சேர்த்து "மன நிம்மதி" என்று அர்த்தம்!

அஜிமு, திராட்சைக்குப் பேர் போன ஊர். ஆனால் ஜப்பான் கிராமங்களுக்கெல்லாம் வந்த கஷ்டம் இதற்கும் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். வேலை தேடிப் பட்டணம் போனார்கள். ஊரில் வயதானவர்களே மிஞ்சினார்கள். "நமக்குப் பிறகு இந்த வீடு யாருக்கு? இந்தத் தோட்டம் யாருக்கு?" இதுதான் அவர்கள் முன் நின்ற கேள்வி.

1996-ம் ஆண்டு விவசாயிகளும் மற்றவர்களும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஓட்டல் கட்ட வேண்டாம், இருக்கிற வீட்டிலேயே விருந்தாளியைத் தங்க வைப்போம் என்று முடிவு செய்தார்கள்.

சட்டம் குறுக்கே நின்றது. பணம் வாங்கிக்கொண்டு ஆளைத் தங்க வைத்தால் அது விடுதி ஆகிவிடும். விடுதி என்றால் அதற்கென்று தனிச் சமையல் அறை முதலிய ஏற்பாடுகள் வேண்டும். விவசாயி எங்கே போவார்? ஆகவே முதலில், சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர்களை மட்டும் தங்க வைத்தார்கள். 2002-ம் ஆண்டு மாகாண அரசு விதியைத் தளர்த்தியது. விருந்தாளியும் வீட்டாரோடு சேர்ந்து சமைத்தால், தனிச் சமையல் அறை தேவை இல்லை என்று ஆயிற்று!

செருப்பு வெளியே!

அப்படி ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கினால் எப்படி இருக்கும்?

சனிக்கிழமை மாலை போய்ச் சேரவேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இது தமிழருக்குப் புதிது அல்ல. உள்ளே தரையில் தடித்த கோரைப் பாய் பதித்திருக்கும். கட்டில் கிடையாது. இரவில் மெத்தையை விரிப்பார்கள். காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். நம் வீட்டுப் பாய், தலையணை மாதிரிதான்.

வீட்டுக்கார அம்மாளை விருந்தாளிகள் "ஒகாசான்" என்று கூப்பிடுவார்கள். "அம்மா" என்று அர்த்தம். வீட்டுக்காரர் "ஒதோசான்", அதாவது அப்பா.

சமையலில் விருந்தாளியும் கை கொடுக்க வேண்டும். காய் நறுக்கலாம், பாத்திரம் எடுத்து வைக்கலாம். சோறு, சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்த சாறு, ஊறுகாய், தோட்டத்துக் காய்கறி, மீன் என்று சாப்பாடு இருக்கும். மாமிசம், மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே காய்கறிக் குழம்பில் கூட மீன் சாறு சேர்ப்பது உண்டு!

குளிக்கும்போது கவனம் வேண்டும். தொட்டியில் வெந்நீர் நிறைந்திருக்கும். அதில் சோப்புப் போடக்கூடாது. வெளியே உட்கார்ந்து அழுக்குப் போகக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். வெளியே வரும்போது தண்ணீரைத் திறந்து விடவும் கூடாது. வீட்டார் அத்தனை பேரும் அதே வெந்நீரில்தான் இறங்குவார்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்ட வேலை. பருவத்துக்குத் தகுந்தபடி களை எடுக்கலாம், காய் பறிக்கலாம், திராட்சை பறிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூட்டமாக வந்து வீட்டுக்குச் சிலராகத் தங்கிப் போகிறார்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்று பட்டணத்துப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது.

உறவுக்கு ஒரு கணக்கு

தங்கியவருக்கு ஒரு அட்டை உண்டு. எத்தனை முறை தங்கினார் என்ற கணக்கு அதில் ஏறும். ஒரு முறை தங்கினால் தூரத்து உறவு. பத்து முறை தங்கினால் சொந்த உறவு! இதுதான் அஜிமுவின் பேச்சு.

இது வேடிக்கைக்குச் சொன்னது மட்டும் அல்ல. ஒரு முறை வந்து போட்டோ பிடித்துப் போகிறவரால் ஊர் பிழைக்காது. திரும்பத் திரும்ப வருகிறவர் வேண்டும். வீட்டுக்குத் திரும்பி வருகிறவரைப் பார்த்து ஜப்பானியர் "ஒகாயெரி" என்பார்கள். நம் ஊரில் அம்மா "வந்துட்டியாப்பா!" என்பாளே, அதுதான்.

சிறுத்தையும் சோறு போட்டது

நம் நாட்டிலும் இப்படி ஒரு இடம் உண்டு. வடக்கே, இமயமலைக்கு அப்பால், லடாக்.

அங்கே பனிச்சிறுத்தை இரவில் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்றுவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சொத்தே போய்விடும். ஆத்திரத்தில் மக்கள் சிறுத்தையைக் கொன்றார்கள். சிறுத்தையைக் காக்கப் பாடுபட்டவர்கள், 2002-ம் ஆண்டு வாக்கில் கிராம மக்களோடு பேசி ஒரு வழி கண்டார்கள். பனிச்சிறுத்தை உலவும் மலையைப் பார்க்க வருகிறவர்கள் கூடாரத்தில் தங்காமல் கிராம வீட்டிலேயே தங்கட்டும் என்றார்கள். ரும்பாக் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு முறை வைத்து விருந்தாளியை அனுப்புகிறார்கள். உபசரிக்கும் பெண்கள் கைக்கே காசு வருகிறது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்குப் போகிறது. ஆட்டுப் பட்டிக்கு மேலே கம்பி வலையும் போட்டார்கள்.

நேற்று வரை விரோதியாக இருந்த சிறுத்தை, விருந்தாளியை அழைத்து வரும் சிறுத்தை ஆகிவிட்டது!

நம் அடிவாரத்தில்...

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலும் காடு இருக்கிறது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ம் ஆண்டு இங்கே சரணாலயம் வந்தது. 2021-ம் ஆண்டு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்தால், தோப்புக்காரர் வயிறு எரிகிறது. காட்டைக் காப்பதால் அவருக்கு என்ன லாபம்? அஜிமுவும் லடாக்கும் ஒரு வழி காட்டுகின்றன.

அதற்காக வீட்டை மாற்ற வேண்டியது இல்லை. சுத்தமான கழிப்பறை, நல்ல குடிநீர், மூடிய பாத்திரத்தில் சோறு, கொசுவலை இருந்தால் போதும். சட்டத்தையும் கவனிக்க வேண்டும். சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அடுப்பில் வேகிறவள் வீட்டுக்கார அம்மாள். காசு முதலில் அவள் கைக்கு வரவேண்டும். அவளுக்குச் சம்மதம் இல்லாத வீட்டில் விருந்தாளி நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

விருந்து வைப்பது தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. இலை இருக்கிறது, சோறு இருக்கிறது, திண்ணையும் இருக்கிறது. கோபுரம் பார்க்க வந்தவரை, "வாங்க, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்க" என்று அழைக்க வேண்டியதுதான் பாக்கி!