பம்பு பிறக்கும் தெருக்கள்

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற ஒரே ஒரு சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நகராமல் நின்றது. இருபுறமும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசை கட்டின. ஏற்கெனவே கொரோனாவால் நொந்திருந்த தொழிற்சாலைகள் உதிரிபாகம் வராமல் தவித்தன. 'பக்கத்திலேயே செய்துகொள்வோம்' என்ற பேச்சு அதன்பிறகு பல நாடுகளில் வலுத்தது. அது எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கோயம்புத்தூர் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு நடை நடந்தால் போதும்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பஞ்சாலைகள் பெருகி, விவசாயிகள் கிணற்றுக்கு மோட்டார் தேடிய காலத்தில் வேர்விட்டது இங்குள்ள பம்புத் தொழில். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த ஒரு மோனோபிளாக் பம்பு இங்கே ஒரே கூரைக்குள் பிறப்பது அபூர்வம். வார்ப்புக்கு மாதிரியான பேட்டர்னைச் செய்பவர் ஒருவர். அதை வைத்து மண்ணில் அச்சுக் கட்டி இரும்பு ஊற்றும் பவுண்டரி வேறு. வார்ப்பு ஆறியதும் பிசிறு தட்ட ஓரிடம், கடைசல் பிடிக்க ஒரு லேத் பட்டறை, துளை போட இன்னொன்று. மோட்டாரின் ஸ்டேட்டருக்குத் தாமிரக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை ஏதோ ஒரு சந்தில் நடக்கும். இத்தனையையும் இணைப்பது குட்டியானை வண்டியும், டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் அடுக்கிய வார்ப்புகளும்தான்.

லேத்தில் ஏற்றிய வார்ப்பில் காற்றுத் துளை தெரிந்தால், பட்டறைக்காரர் பவுண்டரிக்கு ஒரு போன் போடுவார். மாற்று வார்ப்பு சீக்கிரமே வந்துவிடும். அடுத்த வார்ப்பில் அந்தக் குறை வராதபடி அச்சையும் திருத்திவிடுவார்கள். கடல் கடந்து வரும் பாகத்தில் இதே குறை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளூர் உற்பத்தியின் உண்மையான லாபம் இந்தத் திருத்தத்தின் வேகத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கப்பல் கூலி மிச்சமாவது அதற்கு அடுத்தபடிதான்.

இந்த வேகம் ஊரின் சாலைகளையும் நம்பியிருக்கிறது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் கோவையும் இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளக் கரையும் வாலாங்குளமும் ரேஸ்கோர்ஸ் சாலையும் அழகாயின. குளங்கள் பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த ஊரின் சோற்றுக்கு வழிசெய்யும் பட்டறைத் தெருக்கள் அந்தத் திட்டக்காரர்களின் கண்ணில் போதிய அளவு படவில்லை. சாலைக் கேமராவும் சிக்னலும் ஹெல்மெட் போடாதவரைப் பிடிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எந்தச் சாலையில் வார்ப்பு வண்டிகள் சிக்கி நிற்கின்றன என்று அவற்றைக் கொண்டே கணக்கெடுக்கலாம். சரக்கு ஏற்றி இறக்க இடமும் நேரமும் ஒதுக்கலாம். எந்தப் பட்டறையில் எந்த மெஷின் சும்மா இருக்கிறது என்பதை ஒரு செயலி காட்டினால், பெரிய ஆர்டரைப் பத்துப் பேர் பங்கிட்டு எடுக்க முடியும். பொது வசதி என்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. இங்குள்ள 'சிட்டார்க்' என்ற பொதுச் சோதனைக்கூடத்தில் சிறு உற்பத்தியாளரும் தன் பம்பின் திறனைச் சோதித்துக்கொள்கிறார்.

எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே முடித்துவிடலாம் என்று சொல்லவில்லை. பிக் அயர்ன், தாமிரம், பேரிங் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2021இல் இரும்பும் தாமிரமும் விலை ஏறியபோது பலர் பழைய விலைக்கு எடுத்த ஆர்டரைக் கைநட்டத்தில் முடித்தார்கள். அடுத்த ஆண்டே மின்கட்டணமும் உயர்ந்தது.

இவற்றைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இடம். நிலத்தின் விலை ஏறுகிறது. பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி எழுந்ததும் பட்டறைச் சத்தத்தின் மேல் புகார் போகிறது. ஒவ்வொரு பட்டறையாக ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு திசையில் போய்விட்டால், பத்து நிமிடத்தில் கைமாறும் வார்ப்பு அரை நாள் எடுக்கும். 2041ஐக் குறிவைத்து முழுமைத் திட்டம் தீட்டியிருக்கும் ஊர் இது. அதன் வரைபடத்தில் பவுண்டரியும் லேத்தும் வைண்டிங்கும் அருகருகே இருக்க இடம் வேண்டும். சிறு பட்டறைக்காரர் வாடகைக்கு எடுக்கக்கூடிய, மாடி வைத்த தொழில்கூடங்களை அரசே அங்கு கட்டித் தர வேண்டும்.