நீண்டநாள் நின்ற பெட்டியின் ரயர்கள்

நீங்கள் விட்டுச்சென்ற உழவு இயந்திரப் பெட்டி, திரும்பி வரும்போது வளவில் நின்ற இடத்திலேயே நிற்கக்கூடும். உடனே இழுத்துப் பார்க்காதீர்கள். சுற்றிப் பற்றை வளர்ந்திருந்தால், அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே கிட்டப் போங்கள். பெட்டிக்குள்ளோ அடியிலோ அறியாத பொருள் ஏதும் கிடந்தால் தொடவேண்டாம்.

அடுத்தது ரயர்கள். ஓடித் தேய்ந்த ரயரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நின்று கெட்ட ரயர் அப்படியல்ல. நிலத்தில் படும் பகுதி புதிதுபோலவே இருக்கும்; ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் இறப்பரை இறுகவைத்து வெடிக்கச் செய்திருக்கும். "தேயாமல்தானே கிடக்கு" என்று நெல் மூடைகளை அடுக்கி, அதன்மேல் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அந்த ரயர் வெடிக்கும். ஆகவே ரயரின் இரு பக்கங்களையும் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பின் ஊடாக உள்ளே நூல் தெரிந்தால், அல்லது பக்கம் பொம்மியிருந்தால், அந்த ரயரில் பாரம் ஏற்றக்கூடாது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2207 என்றால், அது 2007ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பத்து ஆண்டு கடந்த ரயரை, வெடிப்பு இல்லாவிட்டாலும் நம்பவேண்டாம்.

நல்லதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துக் காற்று அடிக்காதீர்கள். ரயர் கடையில் கழற்றி, ரியூப்பையும் றிம்மின் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று நிரப்பும்போது யாரும் சில்லுக்கு நேரே நிற்கக்கூடாது.

புது ரயர் வாங்கினாலும் இதே கதை திரும்ப நடக்கலாம். பெரும்போக அறுவடைக்குப் பிறகு பெட்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் ரயர் அந்தப் பக்கத்தில் தட்டையாகிவிடும். பெட்டியை வெறுமையாக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை வைத்துச் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். கட்டை இல்லையென்றால் காற்றைச் சரியான அளவில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை சற்று உருட்டிவிடுங்கள். சில்லின் கீழே பலகை போட்டால் ஈரமும் உப்பும் றிம்மைத் தின்னாது; கரையோரக் கிராமங்களில் இதை மறக்கவேண்டாம்.

நிழலுக்குக் கிடுகுக் கொட்டில் போதும். நிவாரணமாகக் கிடைத்த தறப்பாள் மிச்சம் இருந்தால் அதையும் கட்டலாம், ஆனால் ரயரில் ஒட்டச் சுற்றாமல் காற்றோட இடம் விட்டுக் கட்டுங்கள். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நிறுத்தவேண்டாம். ரயர் மினுங்கட்டும் என்று சிலர் டீசலோ பழைய ஒயிலோ பூசுவார்கள். அது இறப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சவர்க்காரத் தண்ணீரே போதும்.

கழித்துவிட்ட ரயர்களை முற்றத்தில் போடாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கூரைக்குக் கீழே வையுங்கள், முடியாவிட்டால் தண்ணீர் வடிய அடியில் துளையிடுங்கள். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை நச்சு.