உங்களுக்குத் தெரியுமா? காற்றைப் பிடுங்கினால் பனியாறு ஏறலாம்!

ஐஸ்லாந்தில் சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். பாசி படர்ந்த எரிமலைத் தரையில் ஒரு தடவை சக்கரம் பதிந்தால், அந்தத் தடம் மறையப் பல பத்து ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் தரை நன்றாக உறைந்து, மேலே பனி மூடிவிட்டால் விலக்கு உண்டு. பனியாற்றின் மேல் ஓட்டவும் தடையில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஜீப்பை ஷெட்டில் போடும் பருவத்தில், ஐஸ்லாந்துக்காரர்கள் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவது இதனால்தான்.

★

போவது எங்கே? பெரும்பாலும் லாங்யோகுல், இல்லையென்றால் வாட்னயோகுல். 'யோகுல்' என்றால் அவர்கள் மொழியில் பனியாறு. வாட்னயோகுல் மட்டுமே ஐஸ்லாந்தின் பரப்பில் ஏறக்குறைய 8 சதவீதத்தை மூடிக் கிடக்கிறது.

★

பனியில் புதையாமல் போக பெரிய இன்ஜின் வேண்டும் என்று நினைப்போம். வேண்டியது டயரில் காற்றில்லாமை! சாதாரண காருக்கு 32 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடிப்போம். இவர்கள் ஆழமான பனியில் 2, 3 பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள். நம் ஊர் பங்க்சர் கடைக்காரர் பார்த்தால் வண்டியை நகர்த்தவே விடமாட்டார்.

பனி தொடங்கும் இடத்தில் எல்லா வண்டிகளும் நிற்கும். ஆளுக்கொரு சக்கரத்தருகே மண்டியிட்டு வால்வைத் திறப்பார்கள். 'உஸ்ஸ்' என்ற சத்தம் நிமிடக்கணக்கில் கேட்கும். டயரின் பக்கவாட்டு ரப்பர் மெல்ல மடிந்து, பாட்டி கன்னம்போலச் சுருக்கம் விழும். அவ்வளவுதான், வண்டி தயார். 38 அல்லது 44 அங்குல உயரமுள்ள அந்த டயர் சப்பையானதும் தரையில் படும் பரப்பு நீண்டுவிடுகிறது. எடை அதே எடைதான், அது பரவிவிடுவதால் சக்கரம் பனியில் குழி தோண்டாமல் மேலேயே மிதந்து போகிறது. மணலில் ஒட்டகப் பாதம் செய்யும் வேலைதான் இது.

★

காற்று இவ்வளவு குறைந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று விழாதா? விழும். அப்போது சிலர் டயருக்குள் எளிதில் ஆவியாகும் எரிபொருளைக் கொஞ்சம் பீய்ச்சி, தள்ளி நின்று தீக்குச்சியைக் காட்டுவார்கள். 'டமார்' என்று ஒரு வெடிப்பு, டயர் ரிம்மில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடியோவில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். தயவுசெய்து நீங்கள் முயல வேண்டாம்.

★

இப்படி வண்டி மாற்றுவதையே தொழிலாக்கிய ஐஸ்லாந்து நிறுவனம் ஆர்க்டிக் டிரக்ஸ், தொடங்கிய ஆண்டு 1990. பிரிட்டனின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காரர்கள் வட காந்த முனையை நோக்கி ஓட்டிப்போனது இவர்கள் மாற்றிக்கொடுத்த டொயோட்டா ஹைலக்ஸில்; 2007இல் ஒளிபரப்பானது. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2010 நவம்பரில் அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்திலிருந்து தென்முனை வரை சென்ற இந்திய அறிவியல் குழு பயணித்ததும் ஆர்க்டிக் டிரக்ஸ் வண்டிகளில்தான்.

★

டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் தலைகாட்டுவது நான்கு மணி நேரம்தான். காலை 11 மணிக்கு மேல் உதித்து, மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். அதனால் பனியாற்றுப் பயணத்துக்கு அனுபவசாலிகள் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பனியும் இறுகியிருக்கும், வெளிச்சமும் கிடைக்கும்.

★

ஒற்றை வண்டியில் பனியாற்றுக்குப் போகக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. பனிப் பிளவின் வாயை மெல்லிய பனிப் பாலம் மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முன்பு பத்திரமாகப் போய்வந்தவர்களின் ஜிபிஎஸ் தடத்தையும் பிளவுகளைக் குறித்த வரைபடங்களையும் நம்பித்தான் வண்டி நகரும். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு ஒன்றுதான் துணை. அதுவும் மறைந்தால் நின்றுவிட வேண்டியதுதான்.

வழியில் இன்னொரு எதிரி, கூழ்ப்பனி. மேலே வெள்ளையாய்ப் பனி, அடியில் உறையாத தண்ணீர். பார்க்கச் சமதரை, ஏறினால் பானெட் வரை இறங்கும். கயிறும் மண்வெட்டியும் கூடவே இன்னொரு வண்டியும் இருந்தால்தான் மீட்சி. 'நண்பர்களோடு' என்பது இங்கே உல்லாசத்துக்காகச் சொல்வதல்ல.

★

விமானத்தையே பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்த கதை தெரியுமா? 1950 செப்டம்பரில் 'கெய்சிர்' என்ற விமானம் வாட்னயோகுல் மேல் விழுந்தது. அதிலிருந்த ஆறு ஊழியர்களும் பிழைத்தார்கள். மீட்கப் போன அமெரிக்க விமானம் சறுக்குக்கட்டையோடு பனியில் இறங்கியது. ஆனால் மேலே கிளம்பவே முடியவில்லை! கடைசியில் அக்குரேரி ஊரிலிருந்து வந்த மீட்புக் குழுவினர்தான் எல்லோரையும் நடத்திக் கூட்டி வந்தார்கள். கைவிடப்பட்ட அந்த அமெரிக்க விமானத்தை, விழுந்த விமானத்தின் சொந்தக்காரர்களான லோஃப்ட்லெய்தர் நிறுவனமே வாங்கியது. அடுத்த ஆண்டு பனியைத் தோண்டி வெளியே எடுத்துப் பறக்கவிட்டே ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். பழைய சாமான் வியாபாரத்தில் இதற்கு மேல் ஒரு சாதனை இருக்குமா, தெரியவில்லை.

★

வாட்னயோகுல் நடுவே கிரிம்ஸ்வோட்ன் எரிமலையின் விளிம்பில், 1,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் ஒரு குடில் இருக்கிறது. அதைச் சூடாக்குவது பூமிக்குள்ளிருந்து வரும் நீராவி. பனிக்கு நடுவே வியர்க்க வியர்க்க நீராவிக் குளியலும் போடலாம்!

★

அதே சூடுதான் ஆபத்தும். 1996இல் பனிக்கடியில் எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீர் ஒரு மாதம்போலத் தேங்கி நின்று, நவம்பர் 5 அன்று உடைத்துக்கொண்டு வந்து நெடுஞ்சாலைப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. முறுக்கிக் கிடக்கும் இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

★

'ஓக்' என்ற பனியாறு 2014இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது. நகரும் அளவுக்கு அதில் கனம் இல்லை. 2019இல் அங்கே அதற்கு நினைவுப் பலகை பதித்தார்கள்.

★

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு சேதி: ஆற்றில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனாலும், காற்று பிய்த்துக் கதவை வளைத்தாலும் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். அங்கே கதவைத் திறக்கும்போது ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

★

சிக்கிக்கொண்டால் வந்து மீட்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆசிரியர், தச்சர், மீனவர் என்று அவரவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அந்தக் குழுக்களின் செலவில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பட்டாசு விற்று! நமக்குத் தீபாவளிபோல அவர்களுக்கு டிசம்பர் 31. அன்று பட்டாசு வாங்குவதே நன்கொடை.

போகும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன் அந்த மீட்புக் குழுக்களின் அமைப்பு நடத்தும் 'சேஃப் டிராவல்' இணையதளத்தில் உங்கள் பாதையையும் திரும்பும் நாளையும் பதிந்துவிடுங்கள். ஐஸ்லாந்தின் அவசர உதவி எண் 112.