எத்தாளையின் வாடையும் சோளகமும்

கற்பிட்டிக் குடாநாட்டிலே, மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் கடனீரேரியும் சூழ, நடுவே மணற்பட்டையாய்க் கிடக்கும் நிலத்தில் அமைந்த சிற்றூர் எத்தாளை. வெங்காயமும் மிளகாயும் விளையும் ஊர். "கடற்காற்று வீசும் எங்களூருக்குக் காற்று மாசு ஏது? அது கொழும்பார் கவலை" என்று அப்பகுதியார் கூறக் கேட்டிருக்கின்றேன். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயராக நான்கு காற்றுக்களை வகுப்பிலே கற்பிக்கின்றோம். கடற்றொழிலாளர் நாவிலோ சோளகம், வாடை என்னும் இரண்டுமே ஆண்டினை ஆள்கின்றன. இவ்விரண்டும் கொணரும் மாசு ஒரு தன்மைத்தன்று.

சோளகம் வைகாசியில் எழுந்து புரட்டாசிவரை ஓயாது வீசும். தென்மேற்கிலிருந்து வரினும், மோதி மேலெழ இங்கே மலையின்மையால் மழை தராது. நிலத்தை உலர்த்திச் செல்லும். அப்பொழுது தோட்டத்து மணல் பறக்கும். ஆயினும் மணற்றுகள் பருமனானது. மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்களவான துகள் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ அரை மீற்றர் வீழ்ந்துவிடும். கண்ணை உறுத்தும், மூக்கிலே தங்கும், நுரையீரலின் அடியை எட்டாது.

சோளகத்தில் வருவன யாவும் மணலே என்று கொள்ளுதலும் தவறு. எத்தாளைக்குத் தெற்கே நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று அளவை எய்தியது. அதற்கு வேண்டிய நிலக்கரியைக் கடலிலே கப்பலிலிருந்து தட்டைப் படகுகளுக்கு மாற்றிக் கரைசேர்ப்பர். சோளகத்திற் கடல் கொந்தளிப்பதால் அவ்வேலை நடவாது. எனவே பல மாதத் தேவைக்கான கரியை முன்னரே குவித்துவைத்தல் வேண்டும். காற்று வலுக்கத் தொடங்கும் வேளையிலேதான் கரிக்குவியலும் பெருத்து நிற்கின்றது! கரித்தூளும் சாம்பலும் தம் பயிர்மேற் படிவதாக அயலிலுள்ள கமக்காரர் நெடுநாளாய் முறையிட்டு வருகின்றனர். சோளகம் அவற்றைப் பெரும்பாலும் வடகிழக்கே, கடனீரேரிப் பக்கம் தள்ளும். காற்றுத் தெற்கிலிருந்து திரும்பும் நாள்களில் எத்தாளையும் அதன் வழியில் அகப்படும்.

இனி வாடை. மழை கழுவிய வானமும் குளிரும் கூடி வருவதால் இதனையே நல்ல காற்றென்பர். வடவிந்தியாவில் ஐப்பசி, கார்த்திகையில் நெல்லறுத்த வயல்களின் தாள் எரிக்கப்படுகின்றது. ஆலைப்புகையும் வண்டிப்புகையும் அதனொடு சேர்கின்றன. பஞ்சாப் எத்தாளைக்கு 2,500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. அத்துணைத் தொலைவைப் புகை கடக்குமோ எனின், கடக்கும். 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்டுகள் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதிலொரு பங்கினது. அசையாக் காற்றிலும் ஒரு மணி நேரத்தில் ஒரு மீற்றரளவே கீழிறங்கும். மழை கழுவினாலன்றி அது நாட்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை செல்ல வல்லதும் அதுவே. ஒரு கனமீற்றர் காற்றில் அதன் 24 மணிநேரச் சராசரி 15 மைக்கிரோகிராமை விஞ்சலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வரையறுத்தது.

2022 மார்கழியில் 'மாண்டஸ்' புயல் வங்கக்கடலில் நின்றபோது வடக்கத்தி மாசு நம் நாட்டின்மேற் கவிந்தது; டிசம்பர் 9 ஆந் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளுள் ஒன்றில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான தைமாதக் காலைப் பயிற்சியில், இளைப்பு நோயுள்ள மாணவன் ஒருவன் ஓடாது நின்றான். வானம் வெளுத்திருந்தது. "பனிக்கு அஞ்சுகின்றாயோ?" என்று கடிந்து ஓடச்செய்தேன். பாதிச் சுற்றில் அவன் மூச்சுத் திணறி அமர்ந்துவிட்டான். அன்று வானத்தில் நின்றது பனியன்று. பனியெனின் புல் நனைந்திருக்கும். வெயில் ஏறக் கலையும். அன்றோ புல் உலர்ந்திருந்தது. நண்பகலிலும் வெண்மை நீங்கவில்லை. கண்ணெதிரே இருந்த குறியை யான் படிக்கவில்லை.

வெளியூர்ப் புகையை மட்டும் பழித்தல் முறையாகாது. மாசி, பங்குனி மாதங்களில் காற்றடங்கிய இரவிலே தரை விரைவிற் குளிர, அதனை அடுத்த காற்றும் குளிர்ந்து கீழே தேங்கும். மேலுள்ள இளஞ்சூட்டுக் காற்று மூடிபோல் அமையும். மாலையில் நாம் எரிக்கும் தென்னோலையும் மிளகாய்ச் செடியும் விடுக்கும் புகை அம்மூடிக்குள்ளே விடியுமட்டும் கிடக்கும். எரித்தே ஆகவேண்டுமெனின் காற்றுள்ள நண்பகலில் எரித்தல் மேல். மட்கவைத்து மணல்நிலத்துக்கே உரமாக்குதல் அதனினும் மேல்.

நுண்டுகளை ஒளியால் எண்ணும் சிறு கருவிகள் இப்பொழுது விற்பனையிலுள்ளன. நம் கல்லூரியில் அத்தகைய கருவி ஒன்றும் இல்லை. பழைய மாணவர் சங்கத்தார் விழா நினைவாக ஒன்றினை வாங்கித் தருவார்களாயின், விஞ்ஞானகூடச் சுவரில் அதனைப் பொருத்தி, காற்றின் திசையோடு நாடோறும் மாணவர் குறித்துவைப்பர். தைமாதப் பயிற்சிக்கு மணியடிக்குமுன் அக்குறிப்பேட்டை யான் பார்த்துக்கொள்வேன்.